அடிபட்டவர் மீதே வழக்கு: ஒரு ஜெர்மன் கால்பந்து லீக்கின் கதை

‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்ற அறிவுரையைக் கேட்காத மாணவர் நம்மிடையே யாரும் இருக்க முடியாது. அதைச் சொல்பவர் பெரும்பாலும் நல்லவராகத்தான் இருப்பார். குரலை உயர்த்த மாட்டார். ‘இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது’ என்பார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். இந்த நியாயம் யாருடைய முதுகில் போய் விடிகிறது என்பதைப் பார்க்க நாம் இன்று உலகக் கோப்பைக்கோ ஐபிஎல்லுக்கோ போகவில்லை. ஜெர்மனியின் வடகிழக்கு மூலையில், பல ஆட்டங்களைச் சில நூறு பேர் மட்டுமே நின்று பார்க்கும் ஓர் அமெச்சூர் கால்பந்து லீக்குக்குப் போகிறோம். அதன் பெயர் நோர்ட்ஓஸ்ட் ஓபர்லிகா. வடகிழக்கு ஓபர்லிகா என்று சொல்லிக்கொள்வோம்.

ஏன் இவ்வளவு சின்ன லீக்? பெரிய மைதானங்களில் கேமரா இருக்கிறது, விளம்பரதாரர் இருக்கிறார், ‘இனவெறிக்கு இடமில்லை’ என்று பதாகை பிடிக்கக் குழந்தைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள். கீழே இறங்க இறங்க இந்த ஒப்பனை குறைகிறது. ஆட்டக்காரர் பலர் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள். கேலரியில் நிற்பவர் அதே ஊர்க்காரர். ஒரு சமூகம் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

லீக்கின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று லைப்சிக் நகரில், கிழக்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டது. வடகிழக்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கம் உருவானது. பெர்லின், பிராண்டன்பர்க், சாக்சனி உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் அதன் எல்லை. அதுவரை கிழக்கு ஜெர்மனியின் முதல் நிலை லீக்காக இருந்த ஓபர்லிகா, 1991இல் மூன்றாம் நிலை அமெச்சூர் லீக்காகக் கீழே தள்ளப்பட்டது. 1994இல் நான்காம் நிலை. 2008இல் ஐந்தாம் நிலை. மேலே புதிய லீக் ஒன்று உருவாகும் ஒவ்வொரு முறையும் இது ஒரு படி இறங்கியது. லீக்கின் வரலாறு என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள். யார் சாம்பியன், யார் ஏறினார், யார் இறங்கினார்.

நாம் வேறு ஒரு தேதியை அதன் பக்கத்தில் வைக்கிறோம். சங்கம் உருவான ஐந்தாவது நாள், 1990 நவம்பர் 25ஆம் தேதி அதிகாலை. சங்கத்தின் எல்லைக்குள் இருக்கும் எபர்ஸ்வால்ட் என்ற ஊரில், அங்கோலாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்த அமதேயு அந்தோனியு என்ற 28 வயது இளைஞரை நாஜிக் கும்பல் ஒன்று அடித்து வீழ்த்தியது. ஆயுதம் வைத்திருந்த போலீசார் அருகிலேயே இருந்தும் குறுக்கே வரவில்லை. டிசம்பர் 6 அன்று அவர் இறந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டா. அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்டில் ரோஸ்டாக்கின் லிக்டன்ஹாகன் பகுதி. அங்கே வியட்நாமியத் தொழிலாளர்கள் வாழ்ந்த கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, கீழே நின்ற ஆயிரக்கணக்கானோர் கை தட்டினார்கள். அந்தக் கைகளில் சில சனிக்கிழமை கேலரியிலும் தட்டியிருக்காதா?

இந்தச் சூழலுக்குள்தான் ஓர் அணி பேருந்து ஏறி வந்தது. துர்கியெம்ஸ்போர்.

மேற்கு பெர்லினில் சுவரை ஒட்டிய க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில், துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் 1978இல் தொடங்கிய அணி அது. 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தது. அவர்களுக்கு அது வைத்த பெயர் ‘விருந்தாளித் தொழிலாளி’. விருந்தாளி என்றால் புறப்பட வேண்டியவர் என்று பொருள். புறப்படாமல் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடினார்கள். பிறகு மைதானம் கேட்டார்கள், அணி கட்டினார்கள். முதலில் வேறு பெயர்கள் இருந்தன. 1987இல் துர்கியெம்ஸ்போர் ஆனது. ‘துர்கியெம்’ என்றால் ‘என் துருக்கி’. இந்தப் பெயரைப் பார்த்து, ‘இவர்கள் ஜெர்மனியோடு கலக்க விரும்பவில்லை’ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கலக்க வந்தவரை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, ‘ஏன் வாசலிலேயே நிற்கிறாய்’ என்று கேட்கும் சாமர்த்தியம் உலகப் பொதுவானது போலும்.

கீழ்நிலை லீக்கிலிருந்து படிப்படியாக ஏறிய இந்த அணி, 1980களின் இறுதியில் பெர்லின் அமெச்சூர் ஓபர்லிகாவில் இருந்தது. 1988, 1990, 1991 என்று மூன்று முறை பெர்லின் கோப்பையை வென்றது. 1990-91 பருவத்தில் இன்னும் ஒரு படி ஏறினால் இரண்டாம் புண்டெஸ்லிகாவுக்கான தகுதிச் சுற்று என்ற இடம் வரை வந்தது. டென்னிஸ் போருசியா சாம்பியன் ஆனது. துர்கியெம்ஸ்போருக்கு இரண்டாம் இடம்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் வெளியே வந்தது. சங்க விதிப்படி ஓர் அணி களமிறக்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. துர்கியெம்ஸ்போரின் பிள்ளைகளில் பலர் பெர்லினில் வளர்ந்தவர்கள், பெர்லின் பள்ளிகளில் படித்தவர்கள். ஆனாலும் அவர்கள் வெளிநாட்டவர். ஏனெனில் ஜெர்மன் குடியுரிமைச் சட்டம் 1913இல் எழுதப்பட்டது. எங்கே பிறந்தாய் என்று அது கேட்கவில்லை, யாருக்குப் பிறந்தாய் என்றுதான் கேட்டது. முடியாட்சி போனது, ஹிட்லர் வந்து போனான், நாடு இரண்டாகி ஒன்றானது. இந்த இரத்தக் கணக்கு மட்டும் 2000ஆம் ஆண்டு ஜனவரி வரை அசையவில்லை. பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் ஏற்பாடு எவ்வளவு நீண்ட ஆயுளோடு இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கால்பந்துச் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. இளையோர் பருவத்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் ஜெர்மன் அணிகளில் ஆடியிருந்தால், கடவுச்சீட்டு எதுவாக இருந்தாலும் அவரை ‘ஃபுஸ்பால்டாய்ச்சர்’ என்று கொள்ளலாம். அதாவது ‘கால்பந்து ஜெர்மானியர்’. இந்த விதிக்கு மக்கள் வைத்த பெயரே ‘துர்கியெம்ஸ்போர் சட்டம்’ என்பதுதான். விதி பலருக்கு நன்மை செய்தது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கோட்டுக்குள் தொண்ணூறு நிமிடம் நீ ஜெர்மானியன். விசில் ஊதியதும் கோட்டைத் தாண்டி வந்தால் மறுபடியும் அந்நியன். வாக்குச் சாவடிக்குப் போக முடியாது. உழைப்பு வேண்டும், கோல் வேண்டும், ஆள் வேண்டாம்! சமூகவியல் வகுப்பில் ‘பகுதியளவு உறுப்பினர் நிலை’ என்று எங்களுக்குப் பல பக்கங்களில் விளக்கியதை, ஒரு கால்பந்துச் சங்கம் ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டது.

1991க்குப் பிறகு மேற்கு பெர்லின் அணிகளும் கிழக்கு அணிகளும் ஒரே ஓபர்லிகாவில் சேர்க்கப்பட்டன. வெளியூர் ஆட்டம் என்றால் துர்கியெம்ஸ்போர் பிள்ளைகள் லிக்டன்ஹாகன் காலத்துக் கிழக்கு ஜெர்மனிக்குள் பேருந்தில் போக வேண்டும். இனவெறிக் கூச்சலும் மிரட்டலும் ஆட்டத்தின் பகுதியாகவே ஆகிப்போயின. வடகிழக்கு ஒருங்கிணைந்த வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்பதே இல்லை.

இந்த இடத்தில் முற்போக்கு நண்பர்களே ஒரு வாதம் வைப்பார்கள். ‘கிழக்கில் ஆலைகள் மூடப்பட்டன, வேலை போனது, கோபம் தவறான திசையில் திரும்பியது’ என்பார்கள். ஆலைகள் மூடப்பட்டது உண்மை. கிழக்கு ஜெர்மானியத் தொழிலாளியிடம் யாரும் கேட்காமல் அவருடைய ஆலையை விற்றார்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்த ஆலைகளில் முதலில் வேலையிழந்தது யார்? 1989இல் கிழக்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 60,000 வியட்நாமிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மொசாம்பிக், அங்கோலாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஒப்பந்தத்தை முறித்து அவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். மேற்கு பெர்லினில் அரசு மானியம் நின்றதும் மூடிய ஆலைகளில் வேலையிழந்தவர்களில் க்ராய்ட்ஸ்பெர்க்கின் துருக்கியத் தகப்பன்மார்களும் உண்டு. அவர்கள் யார் வீட்டுக்கும் தீ வைக்கப் போகவில்லையே! வறுமைதான் காரணம் என்றால் வறியவர் எல்லோரும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். யாரை அடித்தால் கேள்வி வராது என்று தெரிந்த இடத்தில்தான் கோபம் இறங்குகிறது. அதைத் ‘தவறான திசை’ என்று சொல்வது கோபத்துக்குக் கண் தெரியாது என்று நம்புவது போல. அதற்கு மிக நன்றாகக் கண் தெரியும்.

இனி 2006க்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்தச் சம்பவம்தான்.

மார்ச் 25, ஹாலே நகரம். ஓபர்லிகாவின் தெற்குப் பிரிவில் ஹாலே அணிக்கும் ஸாக்சன் லைப்சிக் அணிக்கும் ஆட்டம். லைப்சிக் அணியின் ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆதேபோவாலே ஒகுங்புரே, நைஜீரியாவில் பிறந்தவர். கேலரியிலிருந்து குரங்குச் சத்தம். இழிசொற்கள். எச்சில் துப்பினார்கள். ஆட்டம் முடிந்ததும் களத்துக்குள் புகுந்து அவரைத் தாக்கினார்கள். அவர் என்ன செய்தார்? இரண்டு விரல்களை மேலுதட்டில் வைத்து ஹிட்லரின் மீசையைக் காட்டினார். வலது கையை உயர்த்தினார். ‘நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும்’ என்று ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கூட்டத்துக்கே ஒரு கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார்.

வழக்கு யார் மீது பாய்ந்தது தெரியுமா? அவர் மீது.

ஜெர்மன் தண்டனைச் சட்டத்தில் 86அ என்று ஒரு பிரிவு உண்டு. தடை செய்யப்பட்ட நாஜி அடையாளங்களைப் பொதுவெளியில் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். நாஜிகளிடமிருந்து நாட்டைக் காக்க எழுதப்பட்ட பிரிவு. அந்தப் பிரிவில், நாஜிக் கூச்சல்களுக்கு நடுவே நின்ற ஒரே கறுப்பு மனிதர் மீது விசாரணையைத் தொடங்கினார்கள். பாதுகாக்க வந்த சட்டத்தையே பாதிக்கப்பட்டவர் மேல் திருப்பிவிடும் கலை இது. எதிர்வழக்கு என்றால் என்னவென்று வழக்குகளோடு காவல் நிலைய வாசலில் நின்ற நம் தோழர்களுக்குத் தெரியும். எதிர்ப்பு வெடித்ததும் ஒரு நாளுக்குள் விசாரணையைக் கைவிட்டார்கள். நாஜி அடையாளத்தை எதிர்ப்பைத் தெளிவாகக் காட்டும் விதத்தில் பயன்படுத்துவது குற்றமாகாது என்று ஜெர்மனியின் உச்ச நிலை நீதிமன்றம் அடுத்த ஆண்டு மார்ச்சில் வேறொரு வழக்கில் சொன்னது. நல்லது. ஆனால் அந்த முதல் நாளை நாம் மறக்கக் கூடாது. அன்று காலையில் ஓர் அதிகாரி சம்பவம் முழுவதையும் எடுத்துவைத்துக்கொண்டு, அதில் குற்றம் எது என்று தேடியிருக்கிறார். துப்பியது அவர் கண்ணில் படவில்லை. உயர்ந்த கறுப்புக் கை பட்டிருக்கிறது.

அவருடைய அணி அவர் பக்கம் நின்றது. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ‘நாங்கள் எல்லோரும் ஆதே’ என்று படம் எடுத்து வெளியிட்டார்கள். எண்ணத்தில் பழுதில்லை. எங்களுக்கு மட்டும் அந்தப் படம் நெருடுகிறது. மாலையில் முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பது ஆதேவுக்கு வாய்க்காத வசதி. ஆனாலும் ஒன்றுமே செய்யாதவர்களை விட்டுவிட்டு இவர்களோடு சண்டை போட எங்களுக்கு மனமில்லை.

இது நடந்து இரண்டரை மாதத்தில் ஜெர்மனியில் உலகக் கோப்பை தொடங்க இருந்தது. நண்பர்களைச் சந்திக்க வாருங்கள் என்று உலகத்தை அழைத்துக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தில், முன்னாள் அரசுச் செய்தித் தொடர்பாளர் ஊவே-கார்ஸ்டன் ஹையே, பிராண்டன்பர்க்கிலும் வேறு சில இடங்களிலும் உள்ள சில ஊர்களுக்குக் கறுப்புத் தோலுடையவர்கள் போக வேண்டாம், உயிரோடு திரும்ப முடியாமல் போகலாம் என்று வெளிப்படையாக எச்சரித்தார். அரசியல்வாதிகள் கொதித்தார்கள். அந்த ஊர்களைப் பற்றி அல்ல. மாநிலத்தின் பெயரைக் கெடுத்துவிட்டாரே என்று ஹையே மீது!

அதே ஆண்டு செப்டம்பரில், ஓபர்லிகாவுக்கும் பல படிகள் கீழே, பெர்லின் மாவட்ட லீக்கில் யூத அணியான மக்காபியின் இரண்டாம் அணி ஆடிக்கொண்டிருந்தது. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் யூத வெறுப்புக் கோஷம் போட்டார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆட்டம் முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மக்காபி ஆட்டக்காரர்கள் தாங்களாகவே களத்தை விட்டு வெளியேறினார்கள். விதிப் புத்தகத்தின்படி பாதியில் ஆட்டத்தை விட்டுப் போகும் அணிதான் ஒழுங்கை மீறிய அணி. காதில் விழுந்ததைக் கேட்கவில்லை என்று இருப்பதுதான் ஒழுங்கு என்றால், அந்த ஒழுங்கை மீறாமல் என்ன செய்வது?

விதி என்பது இரும்பு போன்றது, யாருக்கும் வளையாது என்று நினைப்பவர்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். 2009இல் ஆஸ்திரிய பானக் கம்பெனி ரெட் புல், இதே ஓபர்லிகாவின் தெற்குப் பிரிவில் மார்க்ரான்ஸ்டெட் என்ற சிறிய அணியின் இடத்தை வாங்கியது. கம்பெனிப் பெயரை அணிக்கு வைக்கக் கூடாது என்பது விதி. எனவே ‘ராசன்பால்ஸ்போர்ட்’ என்று வைத்தார்கள். புல்தரைப் பந்தாட்டம் என்று பொருள், சுருக்கினால் ஆர்பி. கிளப் உறுப்பினர்களின் கையில் பெரும்பான்மை வாக்கு இருக்க வேண்டும் என்பது விதி. எனவே வாக்குரிமையுள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் வைத்துக்கொண்டார்கள். முதல் ஆண்டிலேயே ஓபர்லிகா சாம்பியன். 2016இல் புண்டெஸ்லிகா. ஆதே ஆடிய ஸாக்சன் லைப்சிக் 2011இல் திவாலாகி மறைந்தது. துர்கியெம்ஸ்போரும் அதே காலத்தில் திவால் நடைமுறைக்குப் போனது. பணத்துக்கு முன்னால் விதி எவ்வளவு பணிவாக வளைந்துகொடுத்தது!

கடைசியாக பாபெல்ஸ்பெர்க். இது ஓபர்லிகாவுக்கு ஒரு படி மேலே உள்ள ரெஜியோனல்லிகாவில் நடந்தது. ஆனால் சங்கம் அதே சங்கம்தான். 2017 ஏப்ரல் 28. போட்ஸ்டாம் நகரில், 1919இல் கொல்லப்பட்ட சோசலிசத் தலைவர் கார்ல் லீப்னெக்ட்டின் பெயர் தாங்கிய மைதானம். பாபெல்ஸ்பெர்க் அணிக்கும் கோட்புஸ் அணிக்கும் ஆட்டம். விருந்தாளிக் கேலரியில் சிலர் ஹிட்லர் வணக்கம் வைத்தார்கள். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாயிலில் எழுதியிருந்த வாசகத்தை எதுகை போட்டுப் பாடினார்கள். அந்தப் பக்கம் பார்த்து பாபெல்ஸ்பெர்க் ரசிகர்கள், ‘நாஜிப் பன்றிகளே வெளியே போங்கள்’ என்று கத்தினார்கள்.

சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் பாபெல்ஸ்பெர்க்குக்கு 7,000 யூரோ அபராதம் போட்டது. தீர்ப்பில் குற்றமாகக் குறிப்பிடப்பட்டவற்றில் அந்த ‘வெளியே போங்கள்’ முழக்கமும் ஒன்று. அபராதம் பட்டாசு கொளுத்தியதற்காகத்தான், முழக்கத்துக்காக அல்ல என்று சங்கம் பிறகு விளக்கம் சொன்னது. பட்டாசு கொளுத்தியது உண்மைதான், அதற்குத் தண்டனை கொடுத்தால் நாமும் ஏற்போம். அப்படியானால் முழக்கத்தை ஏன் எழுதினாய்? எழுதிய கைக்கு நாஜி என்ற சொல் வசையாகத் தெரிந்திருக்கிறது, நாஜி ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. திட்டியதை எழுதுவது சுலபம். திட்டு வாங்கியவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எழுத வேண்டுமானால் ஒரு பக்கம் நிற்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் இந்த நடுநிலைக்காரர்கள் தயாராக இல்லை.

பாபெல்ஸ்பெர்க் பணம் கட்ட மறுத்தது. கட்டாவிட்டால் லீக்கை விட்டு நீக்குவோம் என்று மிரட்டல் வந்தது. அவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. ‘நாஜிகளே, மைதானத்தை விட்டு வெளியேறுங்கள்’ என்ற வாசகத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்றார்கள். நாடெங்கும் கிளப்புகளும் ரசிகர் குழுக்களும் அதே வாசகத்தைத் தூக்கிப் பிடித்தன. எந்த முழக்கத்தைத் தீர்ப்பில் குற்றமாக எழுதினார்களோ அது எல்லா ஊர்க் கேலரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2018இல் சங்கம் சமரசத்துக்கு வந்தது. அபராதத்தில் ஒரு பகுதியை இனவெறிக்கு எதிரான பணிக்கே செலவிடலாம் என்று முடிந்தது. முழு வெற்றி இல்லை. ஒரு சின்ன கிளப், லீக்கில் இடம் போனாலும் பரவாயில்லை என்று நின்றதால் கிடைத்தது.

2023இல் மக்காபி பெர்லின், ஓபர்லிகாவில் ஆடும் அணியாக, பெர்லின் கோப்பையை வென்றது. ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்றில் ஆடிய முதல் யூத அணி அதுதான். புண்டெஸ்லிகா அணியான வோல்ஃப்ஸ்பர்க்கிடம் 0-6 என்று தோற்றது. துர்கியெம்ஸ்போர் திவாலுக்குப் பிறகு பெர்லினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து மறுபடி ஏறத் தொடங்கியது. 2004இல் அந்த அணி பெண்பிள்ளைகளுக்காக ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்கள் அணி பின்னாளில் வடகிழக்கு ரெஜியோனல்லிகா வரை போனது. க்ராய்ட்ஸ்பெர்க்கின் கட்ஸ்பாக் தெரு மைதானத்தில் இப்போது பயிற்சிக்கு வரும் சிறுமிகளில் பலருக்கு ‘கால்பந்து ஜெர்மானியர்’ என்ற சொல்லே தெரிந்திருக்காது.